ரயிலை உங்க குழந்தை என்னன்னு கூப்பிடுது? கூகூவுல ஆரம்பிச்சு பேச்சை வளக்குறது எப்படி

என் சின்னவன் ஒன்றரை வயசு வரைக்கும் ரயிலை "பாஆ"ன்னுதான் சொல்லுவான். நானும் விடாம படம் காட்டி காட்டி "சுக்குபுக்கு சொல்லு தங்கம், சுக்குபுக்கு"ன்னு சொல்லிக்கொடுப்பேன், அவன் என் வாயையே பாத்துட்டு இருப்பான், சிரிப்பான், மறுபடி "பாஆ". பெரியவ இதே வயசுல "தூதூ" சொன்னா, அது கூகூவோட குட்டின்னு உடனே புரிஞ்சுது, ஆனா இந்த பாஆ எங்கேருந்து வந்துச்சுன்னு ரொம்ப நாள் பிடிபடவே இல்ல. ஒரு நாள் அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு லெவல் கிராசிங்ல நின்னுட்டு இருந்தேன், தூரத்துல எலக்ட்ரிக் எஞ்சின் ஹார்ன் அடிச்சுது, பாஆஆஆம்ம்ம். அவன் என் கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு ரயில் பக்கம் திருப்பி "பாஆ!"ன்னான். அவன் காது சரியாத்தான் கேட்டிருக்கு. அவன் பொறந்ததுலேருந்து ஒரு தடவை கூட கேக்காத சத்தத்தை சொல்ல சொல்லி கெஞ்சிட்டு இருந்தது நான்தான்.

அன்னிலேருந்து நான் பண்ண ஆரம்பிச்ச விஷயங்களைத்தான் இங்க எழுதுறேன். ஆறு மாசத்துலேருந்து நாலு வயசு வரைக்கும் குழந்தை வெச்சிருக்கவங்களுக்கு உதவும். ரயில்ங்கறது இதுல ஒரு சாக்குதான், ஆனா ரயில் மாதிரி நல்ல சாக்கு கிடைக்காது, ஏன்னா ஒரே வண்டி அஞ்சாறு விதமா சத்தம் போடுது, ஒவ்வொண்ணும் குழந்தை வாய்க்கு வர்ற மாதிரி இருக்கு.

முதல்ல உங்க காதை சரி பண்ணுங்க

சுக்குபுக்கு, குச்சுகுச்சு, குபுகுபு இதெல்லாம் நீராவி எஞ்சினோட சத்தம். சிலிண்டர்ல வேலை முடிச்ச நீராவி புகைபோக்கி வழியா வெளிய அடிக்கும்போது வர்ற மூச்சு அது. சாதாரணமா ரெண்டு சிலிண்டர் இருக்குற எஞ்சின்ல சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள நாலு தடவை அப்படி மூச்சு விடும், எண்ணிப் பாருங்க, சுக்-கு-புக்-கு, நாலு. நம்ம பெரியவங்க எவ்வளவு நுணுக்கமா கேட்டு வெச்சிருக்காங்க பாருங்க! கூகூவும் அதே எஞ்சினோட விசில்தான். ஆனா இன்னிக்கு டீசலும் கரண்டும்தான் அநேகமா எங்கயும் ஓடுது, அதுல விசில் கிடையாது, காத்தழுத்தத்துல அடிக்கிற ஹார்ன். அது பாம்ம்ம்னு வரும், இல்லன்னா ப்பேஏஏன்னு வரும், ரெண்டு மூணு சுருதி சேந்து வரும். கூன்னு வரவே வராது.

தடக் தடக் கதையும் இப்படித்தான். வெயில்ல இரும்பு நீளும், அதுக்கு இடம் விட்டு தண்டவாளத் துண்டுகளை ஜாயின் பண்ணுவாங்க, அந்த சின்ன இடைவெளியில சக்கரம் விழுந்து ஏறும்போது வர்றதுதான் தடக். பெட்டிக்கு அடியில முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு சக்கரத் தொகுதி இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஜோடி சக்கரம், அதனாலதான் அது ஒத்தையா தடக்... தடக்... ன்னு வராம தடக்-தடக், தடக்-தடக்னு ரெண்டு ரெண்டா வருது. இப்ப நிறைய இடத்துல தண்டவாளத்தை நீளமா வெல்டு பண்ணிட்டாங்க, அதனால அந்த தடக் காணாம போயிடுச்சு, ஹ்ம்ம்ம்ன்னு ஒரு இரைச்சல்தான் கேக்கும். ஆனா லைன் மாறுற இடத்துல மட்டும் திடீர்னு தடதடதடன்னு அடிக்கும். இரும்பு பாலத்து மேல போனா கடகடகடன்னு அடிவயிறு வரைக்கும் அதிரும். நின்னதும் பிரேக்லேருந்து காத்து உஸ்ஸ்ஸ்ஸ். மெட்ரோவா இருந்தா கதவு மூடுறதுக்கு முன்னாடி டிங் டாங் மாதிரி ஒரு மணி.

அதனால முதல் வேலை குழந்தைக்கு சொல்லிக்கொடுக்குறது இல்ல. உங்க குழந்தை நிஜமா எந்த ரயிலை பாக்குது, அதோட எந்த சத்தத்துக்கு திரும்பிப் பாக்குது, எதுக்கு கையை தூக்குது, எதுக்கு காதை மூடுது, இதை ஒரு வாரம் கவனிங்க. அந்த சத்தத்துலேருந்துதான் வார்த்தை ஆரம்பிக்கணும். கூகூ சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல, பாட்டி கூகூன்னு சொல்லி மடியில வெச்சு ஆட்டினா அதுவும் குழந்தைக்கு கேட்ட சத்தம்தானே, பாட்டி வாயிலேருந்து கேட்டது. ரெண்டும் இருக்கட்டும். குழந்தை எதை எடுத்துக்குதோ அதுதான் கணக்கு.

"கூகூ"ன்னா அது வார்த்தையா?

வார்த்தைதான், சந்தேகமே வேண்டாம். ரயிலைப் பாக்கும்போதெல்லாம், ரயிலுக்காக மட்டும், அதே சத்தத்தை குழந்தை வேணும்னே போட்டா அது முழு வார்த்தை. ஒரு வயசு செக்கப்புல "எத்தனை வார்த்தை சொல்றான்"னு கேட்டா பாஆ, கூகூ, பவ்பவ் எல்லாத்தையும் சேத்து எண்ணி சொல்லுங்க. நான் முதல் தடவை அதையெல்லாம் விட்டுட்டு "அம்மா, தாத்தா, ரெண்டுதான்"னு சொல்லிட்டு வந்து ராத்திரி பூரா கவலைப்பட்டேன், நிஜத்துல அவன்கிட்ட ஒன்பது இருந்துச்சு.

குழந்தைங்களுக்கு இந்த சத்த வார்த்தை ஏன் சுலபமா வருதுன்னு யோசிச்சா ரொம்ப அழகா இருக்கும். ஆறுலேருந்து பத்து மாசத்துக்குள்ள பாபாபா, தாதாதான்னு ஒரே அசையை திருப்பித் திருப்பி சொல்ல ஆரம்பிக்குது இல்லையா, நம்ம இரட்டைக்கிளவியும் அதே அமைப்புதான். தடதட, கடகட, குபுகுபு. பாதியா வெட்டினா அர்த்தம் இல்ல, சேந்து வந்தாத்தான் வார்த்தைன்னு இலக்கணத்துல படிச்சோமே, குழந்தை வாயும் அதையேதான் விரும்புது. இந்த விஷயத்துல தமிழ்ல கொட்டிக் கிடக்கு, நாமதான் ட்ரெயின் ட்ரெயின்னு ஒத்தை வார்த்தையை பிடிச்சு தொங்கிட்டு இருக்கோம்.

அந்த ஒத்தை வார்த்தை குழந்தைக்கு எவ்வளவு கஷ்டம்னும் பாருங்க. ட்ரெயின்ல முதல்லயே ரெண்டு மெய் ஒட்டி வருது, அதனால "தேன்", "டெய்ன்"னு ஒண்ணை முழுங்கிடும். சரி தமிழா ரயில் சொல்லலாம்னா அது ர-வுல ஆரம்பிக்குது, ர நாக்கு நுனி ஆடணும், பல குழந்தைகளுக்கு நாலு அஞ்சு வயசு ஆகும் அது சுத்தமா வர. தமிழ் வார்த்தையே ர-வுல ஆரம்பிக்கக்கூடாதுன்னு பழைய இலக்கணம் சொல்லுது, அதனாலதான் இரயில்னு முன்னாடி ஒரு இ போட்டு எழுதுறாங்க, குழந்தையும் தன் பாட்டுக்கு "அயிலு", "லயிலு", "யயிலு"ன்னு அதை வளைச்சுக்குது. கூ-வுல ஒரு மெய் ஒரு உயிர், அவ்வளவுதான். அதுலயும் க தொண்டைப் பக்கம் வர்ற எழுத்து, சில குழந்தைங்க அதை பல் பக்கம் கொண்டு வந்து தூ ஆக்கிடும், என் பெரியவளோட தூதூ அப்படி வந்ததுதான். மூணரை நாலு வயசுக்குள்ள இது தானா சரியாகிடும், பெரும்பாலும். பாஆ எல்லாத்தையும் விட சுலபம், உதட்டை மூடித் திறந்தா போதும், குழந்தைக்கு கண்ணால பாத்தே கத்துக்க முடியும்.

ஊர் ஊரா பாத்தாலும் இதே கதைதான். ஹிந்தியில ச்சுக் ச்சுக், இங்கிலீஷ்ல ச்சூ ச்சூ, ரஷ்யாவுல ச்சுஹ் ச்சுஹ், விசிலுக்கு தூ தூ, துருக்கியில ச்சுஃப் ச்சுஃப், கொரியாவுல ச்சிக்ச்சிக் போக்போக், ஜப்பான்ல ஷுஷு போப்போ. ஜப்பான்ல தண்டவாள சத்தத்துக்கு தனியா கதான் கோதோன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, நம்ம தடக் தடக் மாதிரி. நீராவி மூச்சுக்கு எல்லாரும் ச்ச-வோ ஷ-வோ போடுறாங்க, விசிலுக்கு நிறைய பேர் உதட்டைக் குவிச்சு ஊ-ன்னு நீட்டுறாங்க. மனுஷன் வாயால ரயிலை செய்யணும்னா இப்படித்தான் செய்ய முடியும் போல.

ஒரு நேரத்துல ஒரு வார்த்தை மட்டும் சேருங்க

இதுதான் நிஜமான வேலை. குழந்தை ஒண்ணு சொன்னா நீங்க அதை எடுத்து, அதுகூட ஒண்ணே ஒண்ணு ஒட்டித் திருப்பிக் குடுங்க. அது "பாஆ"ன்னா நீங்க "பாஆ வருது!" அடுத்த நாள் "பெரிய பாஆ". ரயில் போனதும் "பாஆ போச்சு", கையையும் விரிச்சுக் காட்டுங்க. இதுல "போச்சு"தான் தங்கம், அந்த சின்ன வார்த்தையை குழந்தை ரயில்லேருந்து எடுத்துட்டுப் போய் எல்லாத்துக்கும் போடும், பால் போச்சு, அப்பா போச்சு, லைட் போச்சு. ஒன்றரைலேருந்து ரெண்டு வயசுக்குள்ள ரெண்டு வார்த்தையை சேத்து சொல்ல ஆரம்பிக்கிற காலம் அது, ரயில் வர்றதும் போறதும் அதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும்.

"பாஆ இல்ல கண்ணா, ட்ரெயின், ட்ரெயின் சொல்லு, சொன்னாத்தான் காட்டுவேன்" இதை மட்டும் பண்ணாதீங்க. நான் பண்ணியிருக்கேன், அதான் சொல்றேன், அவன் ரயிலையும் பாக்கல, வார்த்தையும் வரல, அழுகைதான் வந்துச்சு. அதுக்கு பதிலா ரயில்ங்கற பேரை ஓரமா வெச்சுட்டே இருங்க. "ஆமா, பாஆ! ரயில் பாஆன்னு சொல்லுது." ஒரே வாக்கியத்துல அவன் வார்த்தையும் இருக்கு, ஊர் வார்த்தையும் இருக்கு. குழந்தைக்கு பேரும் சத்தமும் தனித்தனின்னு கொஞ்சம் கொஞ்சமா பிரியும், நீங்க பிரிக்க வேண்டாம்.

அதுக்காக நீங்களும் மழலையாவே பேசிடாதீங்க, அது வேற. பாஆ, கூகூ, தடதட இதெல்லாம் பெரியவங்களும் சொல்ற ஒலிக்குறிப்பு, அதை சொல்லலாம். ஆனா குழந்தை "லயிலு"ன்னு சொன்னா நீங்களும் "லயிலு வருதா"ன்னு கேக்காதீங்க. 1960ல ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு குழந்தையைப் பத்தி எழுதினாங்க. அது தன்னோட பொம்மை மீனை ஃபிஷ்னு சொல்ல வராம "ஃபிஸ்"ன்னு சொல்லுது, பெரியவர் "இது உன் ஃபிஸ்ஸா?"ன்னு கேட்டா குழந்தை "இல்ல, என் ஃபிஸ்"ன்னு கோவப்படுது, "ஃபிஷ்ஷா?"ன்னு சரியா கேட்டதும் "ஆமா, ஃபிஸ்"ன்னு ஒத்துக்குது. அதாவது காதுல சரியான வார்த்தை இருக்கு, நாக்குதான் இன்னும் வரல. எங்க வீட்டுலயும் அப்படியே நடந்துச்சு. மாமா ஒருத்தர் ஆசையா "எங்கடா உன் லயிலு?"ன்னு கேட்டார், சின்னவன் மூஞ்சியை சுருக்கிட்டு "லயிலு இல்ல மாமா, லயிலு!"ன்னான். நீங்க தெளிவா ரயில்னு சொல்லிட்டுப் போங்க, திருத்த வேண்டாம், திரும்ப சொல்ல வைக்கவும் வேண்டாம்.

இன்னொண்ணு, பஸ், லாரி, வரிசையா போற எறும்பு, தரையில நீளமா அடுக்கி வெச்ச செருப்பு எல்லாத்தையும் கூகூன்னு சொல்லும் ஒரு காலத்துல. தப்புன்னு நினைக்காதீங்க. நீளமா இருக்கு, ஒண்ணு பின்னாடி ஒண்ணு இருக்குன்னு குழந்தை தானா ஒரு கணக்கு போட்டிருக்கு. "ஆமா, கூகூ மாதிரியே நீளமா இருக்கு! இது எறும்பு"ன்னு சொன்னா போதும்.

விளையாட்டா சொல்லிக்கொடுக்குறது

மெதுவா ஆரம்பிக்கிற விளையாட்டை முதல்ல ஆடுங்க. மடியில உக்கார வெச்சு, சுக்... கு... புக்... கு... ஒவ்வொண்ணுக்கும் முழங்காலை ஒரு தடவை தூக்குங்க, அப்புறம் வேகம் ஏத்துங்க, சுக்குபுக்குசுக்குபுக்கு, திடீர்னு கீஈஈஈச், நிப்பாட்டுங்க. நிப்பாட்டிட்டு வாயைத் திறக்காதீங்க. இந்த இடத்துலதான் எல்லாரும் கோட்டை விடுவோம், நாமளே அடுத்த சத்தத்தையும் போட்டுடுவோம். பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க, குழந்தை மூஞ்சியைப் பாத்துட்டே. ஒரு உதறல், ஒரு "உக்", ஒரு பார்வை, எது வந்தாலும் அது "கிளம்பு"ன்னு அர்த்தம், உடனே கிளம்புங்க. என் பெரியவளோட முதல் சுக்குபுக்கு அப்படி ஒரு இடைவெளியிலதான் வந்துச்சு, "உக்கு"ன்னு பாதியா, மூக்கு விரிய, தன் வாயிலேருந்து வந்ததைக் கேட்டு அவளே திகைச்சுப் போயிட்டா.

இதே விளையாட்டுல மெதுவா-வேகமா, சத்தமா-மெல்லமா, நில்லு-போ எல்லாம் சேந்து வரும், தனியா சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்ல. வாய் தசைக்கும் நல்ல பழக்கம், பாம்ம்ம்னு உதட்டை மூடுறது, கூன்னு குவிக்கிறது, உஸ்ஸ்ஸ்னு காத்தை நீளமா விடுறது.

ரெண்டரை மூணு வயசு ஆச்சுன்னா சத்தத்தை வெச்சு கேள்வி கேக்கலாம். கண்ணை மூடிக்கோ, என்ன கேக்குது? கடகடன்னா பாலம், உஸ்ஸுன்னா நின்னாச்சு. ரயில் பக்கத்துல வந்து தாண்டிப் போகும்போது ஹார்ன் சத்தம் ஈஈஈன்னு வந்து ஊஊஊன்னு இறங்கும் பாருங்க, அதை குழந்தைங்க நம்மள விட நல்லா பாடிக் காட்டும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842ல சொன்ன விஷயம் அது, நம்ம பக்கம் வர்ற சத்தத்தோட அலை நெருங்கி சுருதி ஏறும், விலகிப் போகும்போது இறங்கும். 1845ல நெதர்லாந்துல பாய்ஸ் பாலட்டுன்னு ஒருத்தர் எக்காளம் ஊதுறவங்களை ரயில்ல ஏத்தி ஓட விட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்துல காது நல்லா பழகின சங்கீதக்காரங்களை நிறுத்தி, இதை நிரூபிச்சார். இதை மூணு வயசுக்கு விளக்க வேண்டாம், ஆனா உங்க பிள்ளை ஈஈஈ-ஊஊஊன்னு கத்தும்போது அது சும்மா கத்தலன்னு உங்களுக்குத் தெரியணும்.

அஞ்சு வயசுக்கு மேல அக்கா அண்ணன் இருந்தா அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க. ஜாயின்ட் போட்ட தண்டவாளம், ஒவ்வொரு துண்டும் 13 மீட்டர்னா, 47 நொடியில எத்தனை தடக் கேக்குதோ அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கற கணக்கு. நாம உக்காந்திருக்குற இடத்துக்குக் கீழ வர்ற தடக்-தடக் ஜோடியை ஒண்ணா எண்ணணும். பெரியவ ஜன்னல் பக்கம் உக்காந்து விரலை மடக்கி மடக்கி எண்ணுவா, சின்னவன் அவகூட சேந்து தடக் தடக்னு தலையாட்டுவான், ஒன்றரை மணி நேரம் எனக்கு வேலையே இல்ல.

பயப்படுற குழந்தையும் இருக்கு, அதை மறக்காதீங்க. ஹார்ன் நிஜமாவே ரொம்ப சத்தம். அழுதா தூரமா போயிடுங்க, காதை உங்க கையால மூடி, அது உங்க தோள்ல இருக்கும்போதே மெல்லமா, ரொம்ப மெல்லமா, "பாம்" சொல்லுங்க. பெரிய சத்தத்தை சின்னதா ஆக்கி அது கையில குடுக்குறீங்க, அவ்வளவுதான். போகப் போக தானே அந்த பாம்-ஐ சொல்லிப் பாக்கும். எந்தக் குழந்தையா இருந்தாலும் பிளாட்பார ஓரத்துக்கோ லைன் பக்கமோ சத்தம் கேக்கறதுக்காக கூட்டிட்டுப் போக வேண்டாம், தூரத்துலேருந்தே நல்லா கேக்கும்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்னு ஒரு வரி. ஒன்றரை வயசு ஆகியும் சத்த வார்த்தை உள்பட ஒண்ணுமே வரலன்னா, ரெண்டு வயசு ஆகியும் ரெண்டு வார்த்தை சேத்து சொல்லலன்னா, சத்தம் வந்த பக்கம் திரும்பவே இல்லன்னா, இல்ல சொல்லிட்டு இருந்த வார்த்தை காணாம போச்சுன்னா, காத்திருக்காம குழந்தை டாக்டரைப் பாத்து காது டெஸ்ட்டும் கேளுங்க. "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க"ங்கறதை அப்புறம் பேசிக்கலாம்.

கடைசியா ஒரு காரியம், இதை நான் லேட்டா கத்துக்கிட்டேன். குழந்தையோட வார்த்தைகளை அதைப் பாத்துக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. சின்னவனை பகல்ல ஒரு இடத்துல விட ஆரம்பிச்சப்ப, அங்க ஒரு நாள் முழுக்க ஜன்னலைக் காட்டி "பாஆ டக்கு, பாஆ டக்கு"ன்னு அழுதிருக்கான், அவங்க பாலுக்கு அழறான்னு நினைச்சு பாட்டிலை குடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க, பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும். பாலத்து மேல ரயில் போகுது, தூக்கிக் காட்டுங்கன்னு அவன் ரெண்டு வார்த்தையில தெளிவாத்தான் கேட்டிருக்கான். அன்னிக்கு சாயங்காலமே ஒரு பேப்பர்ல எழுதி ஒண்ணு அங்கயும் ஒண்ணு எங்க ஃப்ரிட்ஜ் மேலயும் ஒட்டினேன். பாஆ, ரயில். டக்கு, பாலம். உஸ்ஸு, நின்னாச்சு, இறங்கணும். பாஆ போச்சு, தூக்கம் வருது (இது எப்படி வந்துச்சுன்னு இன்னும் தெரியல, கடைசி ரயில் போனதும் படுக்கப் போறதாலயா இருக்கும்). இப்ப அவனுக்கு மூணரை. போன மாசம் அந்தப் பேப்பரைக் காட்டி இது என்னன்னு கேட்டான், படிச்சுக் காட்டினேன். "பாஆ இல்லம்மா, லயில்"னு சொல்லிட்டு கிரயானை எடுத்து முதல் வரியை அவனே அடிச்சான். உஸ்ஸை அடிக்க வேண்டாம்னுட்டான், ரயில் நிஜமாவே உஸ்ஸுன்னுதானே சொல்லுதுன்னான்.